மாநில வரி விபரத்திரட்டில் வரிவிலக்குப் பங்கிலாபம்: பெட்டி 12இல் உள்ள தொகையை எங்கே, எப்படிக் காட்டுவது?

கேள்வி: கோண்டாவிலான்

அனைவருக்கும் வணக்கம். நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் என் அக்காவின் வரிக் காகிதங்கள் தொடர்பாக ஒரு தெளிவு வேண்டியுள்ளது. அத்தான் இருந்தவரை இவற்றையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். இப்போது அக்கா ஆவணங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் இங்கே இலங்கையிலிருந்து வாசித்துச் சொல்ல, அவர் அங்கே மென்பொருளில் நிரப்புகிறார். நான் கூட்டுறவுத் துறையில் கணக்கு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எமது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் நடைமுறைகள் ஓரளவு பழக்கமானவை. சமஷ்டி அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு விபரத்திரட்டுகள் கொடுக்கும் முறை எனக்குப் புதிது.

2024ஆம் ஆண்டுக்காகத் தரகு நிறுவனம் அனுப்பிய 1099-டிவ் படிவத்தில், பெட்டி 1ஏயில் சாதாரண பங்கிலாபமாக 1,900 டொலரும், பெட்டி 12இல் வரிவிலக்கு வட்டிப் பங்கிலாபமாக 4,200 டொலரும் காட்டப்பட்டுள்ளன. மாநிலத்துக்குரிய 14, 15, 16 ஆகிய பெட்டிகள் வெறுமையாக உள்ளன. சமஷ்டி விபரத்திரட்டான 1040 படிவத்தில் இந்த 4,200 டொலரை மென்பொருள் 2ஏ என்ற வரியில் (படிவத்தின் நிரையில்) எழுதியது. வரி எதுவும் கூடவில்லை. ஆனால் அதன்பின், "இத்தொகை எந்த மாநிலத்திலிருந்து கிடைத்தது?" என்று கேட்டு, மாநிலங்களின் பட்டியலொன்றைத் திறந்து காட்டுகிறது. அக்கா தாம் நியூயோர்க்கில் வசிப்பதால் நியூயோர்க் என்று தெரிவுசெய்ய எண்ணுகிறார். அது சரியா? 14ஆம் பெட்டி வெறுமையாக இருப்பதன் பொருள் என்ன? வரியே இல்லாத வருமானத்தை எதற்காக எழுதச் சொல்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: சுன்னாகம் வாசகர்

ஐயா, இதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம். படிவத்திலேயே வரிவிலக்கு என்று அச்சிட்டிருக்கும்போது அதை மாநிலம் மறுபடியும் கிளற முடியாது. இங்கே கம்பனிகள் பங்கிலாபத்தில் 15 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மிகுதியைத் தருகின்றன. அதுவே இறுதி வரி, அதற்குமேல் அந்தத் தொகைக்கு எவரும் வரி கேட்பதில்லை. அங்கும் அப்படியே இருக்கும். அக்கா நியூயோர்க் என்று தெரிவுசெய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

மறுமொழி: மானிப்பாய்க் கணக்கர்

சுன்னாகம் வாசகர் சொன்னபடி செய்தால் உங்கள் அக்காவின் மாநில வரி குறைத்துக் காட்டப்படும் வாய்ப்பு மிக அதிகம். நான் அமெரிக்கக் கணக்காளர்களுக்காக வரி விபரத்திரட்டுகளின் வரைவைத் தயாரிக்கும் அலுவலகமொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்தே வேலை செய்கிறேன். ஒவ்வொரு பெப்ரவரி, மார்ச் மாதத்திலும் எங்கள் மேசைக்கு மிக அதிகமாகத் திரும்பி வரும் திருத்தங்களில் இந்தப் பெட்டி 12உம் ஒன்று. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பங்கிலாபம் என்ற பெயர் இருந்தாலும் இது கம்பனியொன்றின் இலாபப் பங்கு அன்று. மாநிலங்களும், மாநகர சபைகளும், பாடசாலை மாவட்டங்களும், நீர் வழங்கல் அதிகார சபைகளும் கடன் வாங்குவதற்காக வெளியிட்ட முறிகளை, பலரின் பணத்தைத் திரட்டி முதலிடும் பரஸ்பர நிதியம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறது. அம்முறிகளின் வட்டியை நிதியம் சேர்த்து, தன்னில் அலகு (பங்கு) வைத்திருப்போருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது அது பங்கிலாபம் என்ற பெயரைப் பெறுகிறது. அமெரிக்க உள்நாட்டு வருமானக் கோவையின் 103ஆம் பிரிவு இந்த வட்டிக்குச் சமஷ்டி வரியிலிருந்து விலக்களிக்கிறது. நிதியத்தின் சொத்தில் பாதியாவது ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் இத்தகைய முறிகளாக இருந்தால், அந்த விலக்கு அலகு வைத்திருப்பவர் கைக்கும் வந்து சேரும் என்பது 852ஆம் பிரிவின் ஏற்பாடு. பெட்டி 12 சொல்வது இவ்வளவுதான். அது சமஷ்டி அரசின் பார்வையில் எழுதப்பட்ட பெட்டி. மாநிலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மாநிலங்களின் பார்வை வேறு. தன் எல்லைக்குள் உள்ள சபைகள் வெளியிட்ட முறியின் வட்டிக்கு நியூயோர்க் வரி அறவிடுவதில்லை. ஒகையோவிலோ ரெக்சாசிலோ உள்ள சபையொன்றின் முறிக்கு அந்தச் சலுகையைத் தருவதும் இல்லை. பிற மாநிலத்தவரின் முறிகளுக்கு இப்படிப் பாரபட்சமாக வரி விதிப்பது அரசியலமைப்புக்கு முரணானதா என்ற கேள்வி, கென்ரக்கி மாநில வருமானத் திணைக்களத்துக்கும் டேவிஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம்வரை சென்றது. 2008இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே சுன்னாகம் வாசகர் சொல்வதுபோல் மாநிலம் கிளற முடியாது என்பதற்கு இடமில்லை. கிளறலாம் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இப்போது படிவத்துக்கு வருவோம். நியூயோர்க் வதிவாளர் நிரப்பும் ஐடி-201 படிவம், சமஷ்டி விபரத்திரட்டில் கணித்த சீராக்கப்பட்ட மொத்த வருமானத்தை (சில கழிவுகளின் பின்னுள்ள கூட்டுத்தொகையை) 19ஆம் வரியில் அப்படியே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. உங்கள் அக்காவின் 4,200 டொலர் அந்தத் தொகைக்குள் இல்லை. 1040 படிவத்தின் 2ஏ வரி தகவலுக்காக மட்டுமே உள்ளது, அது கூட்டலில் சேராது. எனவே நியூயோர்க் அல்லாத மாநிலங்களின் முறிகளிலிருந்து வந்த பகுதியை 20ஆம் வரியில் மீண்டும் கூட்ட வேண்டும். முழு 4,200 டொலரையும் நியூயோர்க் என்று தெரிவுசெய்தால் மென்பொருள் அந்த 20ஆம் வரியை வெறுமையாக விட்டுவிடும். "பல மாநிலங்கள்" என்ற தெரிவும் அந்தப் பட்டியலில் இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் முழுத் தொகையும் கூட்டப்பட்டு, உரிமையுள்ள விலக்கையும் இழக்க நேரும். இரண்டுமே பிழை. தொகையைப் பிரித்து இரண்டு பதிவுகளாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கென ஒரு கூடுதல் திரை உண்டு.

14ஆம் பெட்டியைப் பற்றிய சந்தேகம் நியாயமானதே. 14, 15, 16 ஆகியவை மாநிலத்துக்கென வரி பிடிக்கப்பட்டிருந்தால் அதைக் காட்டுவதற்கானவை. முறிகள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எப்படிப் பிரிப்பது என்பதே அடுத்த கேள்வி. பெட்டி 12இல் உள்ளது முழுக் கணக்கின் கூட்டுத்தொகை. பல தோட்டத்து வெங்காயத்தை ஒரே சாக்கில் கட்டியதைப் போன்றது. தரகு நிறுவனத்தின் அறிக்கையில் முதற் பக்கங்களுக்குப் பின்னால், பங்கிலாபங்களை நிதியம் நிதியமாகத் திகதியுடன் காட்டும் விபரப் பக்கங்கள் இருக்கும். அக்கா அந்தப் பக்கங்களையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நிதியத்தின் பெயருக்கும் அருகில் பெரும்பாலும் எக்ஸ் என்ற எழுத்தில் முடியும் ஐந்தெழுத்துக் குறியீடு காணப்படும். அந்த நிதியத்தை நடத்தும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் வரித் தகவல் பகுதிக்குச் சென்று, அவ்வாண்டின் வரிவிலக்கு வருமானத்தில் எந்த மாநிலத்துக்கு எத்தனை வீதம் என்ற அட்டவணையை எடுக்க வேண்டும். வான்கார்ட், ஃபிடெலிற்றி போன்றவை இதை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அந்த அட்டவணை 1099 படிவத்துடன் தபாலில் வராது என்பதனாலேயே பலர் அதைக் காண்பதில்லை.

இன்னொன்று. படங்களை இங்கே பதிவிடுவதாயின் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் காகிதங்களிலேயே அந்த இலக்கம் மறைக்கப்பட்டுத்தான் வரும். வாடிக்கையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அங்குள்ள வரி தயாரிப்பாளர் எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அண்ணன் தம்பி, அக்கா தம்பிக்கிடையில் அந்தச் சட்டம் வராது. ஆனாலும் அவதானம் தேவை.

மறுமொழி: இணுவில் வந்தவர்

மானிப்பாய்க் கணக்கர் எழுதியது நியூயோர்க்குக்குச் சரியானது. நான் நியூஜேர்சியில் நீண்டகாலம் தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் இது எவ்வளவு மாறுகிறது என்பதைப் பிற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அங்குள்ள உறவினர்களில் ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் செய்வதுதான் நம்மவர்களிடையே வழக்கம். அட்சன் ஆற்றின் இக்கரைக்குப் பொருந்துவது அக்கரைக்குப் பொருந்தாது.

நியூஜேர்சி சமஷ்டி விபரத்திரட்டின் கூட்டுத்தொகையில் தொடங்குவதே இல்லை. ஒவ்வொரு வகை வருமானத்தையும் தனித்தனியே தன் படிவத்தில் கேட்கிறது. அப்படிவமான என்ஜே-1040இன் 16ஏ நிரை வரிக்குரிய வட்டிக்கும், 16பி நிரை வரிவிலக்கு வட்டிக்கும் உரியவை. நிதியத்தின் வழியாக வரும் தொகைக்கு விலக்கு வேண்டுமாயின், அந்த நிதியம் மாநில விதிகளின்படி தகுதிபெற்ற முதலீட்டு நிதியமாக இருக்க வேண்டும். அதாவது அதன் முதலீடுகளில் 80 வீதத்துக்குக் குறையாதவை நியூஜேர்சி முறிகளாகவோ சமஷ்டி அரசின் கடன்பத்திரங்களாகவோ இருக்க வேண்டும். நாடு முழுவதிலும் முதலிடும் நிதியத்தில் சிறு பங்கு நியூஜேர்சி முறிகள் இருந்தாலும் அந்தப் பங்குக்கு நியூயோர்க் தருவதுபோன்ற விலக்கு அங்கே கிடைக்காது.

கலிபோர்னியாவும் இந்த விடயத்தில் கடுமையானதுதான். ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் நிதியத்தின் சொத்தில் பாதியாவது அம்மாநிலம் விலக்களிக்கும் முறிகளாக இருந்தால்தான் விலக்கு. இல்லாவிட்டால் அதிலுள்ள கலிபோர்னியப் பங்குக்கும் வரிதான். 540 படிவத்துடன் இணைக்கும் சிஏ அட்டவணையில், வட்டிக்குரிய 2ஆம் வரியின் சி நிரலில் அதைக் கூட்டிக் காட்டுவார்கள். மினசோட்டாவில் எல்லை 95 வீதம். இலினோய் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 1040 படிவத்தின் 2ஏ வரியில் உள்ள முழுத் தொகையையும் தன் படிவத்தின் 2ஆம் வரியில் எடுத்துக் கூட்டிவிட்டு, பின்னர் சட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட சில முறிகளுக்கு மட்டும் கழிவு தருகிறது. தன் மாநிலத்து முறிகள் பலவற்றுக்கே அங்கே வரி உண்டு. புளோரிடாவிலோ ரெக்சாசிலோ இருப்பவர்களுக்கு மாநில வருமான வரியே இல்லை என்பதால் இந்த உரையாடல் முழுவதுமே அவர்களுக்குத் தேவையற்றது.

கேள்வி கேட்டவர்: கோண்டாவிலான்

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா விபரப் பக்கங்களை அனுப்பியுள்ளார். 4,200 டொலரில் 3,000 டொலர் நாடளாவிய முறி நிதியம் ஒன்றிலிருந்தும், 1,200 டொலர் பெயரிலேயே நியூயோர்க் என்று உள்ள நிதியம் ஒன்றிலிருந்தும் வந்துள்ளன. நாடளாவிய நிதியத்தின் அட்டவணையைத் தேடி எடுத்தோம், நியூயோர்க்குக்கு 14.2 வீதம், புவேர்ட்டோ ரிக்கோவுக்கு 0.8 வீதம், மிகுதி ஏனைய மாநிலங்களுக்கு என்று உள்ளது. மற்றைய நிதியத்தில் நியூயோர்க் 98.6 வீதம், மிகுதி 1.4 வீதம் புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும். புவேர்ட்டோ ரிக்கோவை எதனுடன் சேர்ப்பது?

பெட்டி 1ஏயில் உள்ள 1,900 டொலரையும் பார்த்தேன். அது முழுவதும் அமெரிக்கத் திறைசேரிப் பத்திரங்களில் (சமஷ்டி அரசின் கடன்பத்திரங்களில்) குறுகிய காலத்துக்கு முதலிடும் பணச் சந்தை நிதியம் ஒன்றிலிருந்து வந்தது. அது வரிக்குரியது என்பதால் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என எண்ணுகிறேன்.

மறுமொழி: மானிப்பாய்க் கணக்கர்

ஐயா, யோசிக்க வேண்டியது அங்கேயும் இருக்கிறது. இம்முறை உங்கள் அக்காவுக்குச் சாதகமாக. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், வேர்ஜின் தீவுகள் ஆகியவை மாநிலங்கள் அல்ல, அமெரிக்காவுக்கு உட்பட்ட ஆட்புலங்கள்; அவற்றின் முறிகளுக்கு எந்த மாநிலமும் வரி விதிக்க முடியாது. அது சமஷ்டிச் சட்டத்தினால் கிடைத்த விலக்கு. எனவே அவற்றை நியூயோர்க் பங்குடன் சேர்க்கலாம். நாடளாவிய நிதியத்தில் 14.2உம் 0.8உம் சேர்ந்து 15 வீதம்; 3,000 டொலரில் 450 டொலருக்கு விலக்கு, மிகுதி 2,550 டொலர் நியூயோர்க்கில் வரிக்குரியது. மற்றைய நிதியத்தின் 1,200 டொலர் முழுவதும் விலக்குக்கு உட்பட்டது. ஆகவே ஐடி-201இன் 20ஆம் வரியில் வரவேண்டிய தொகை 2,550. மென்பொருளில் 1,650 டொலரை நியூயோர்க் என்றும் 2,550 டொலரை ஏனைய மாநிலங்கள் என்றும் பிரித்துக் கொடுத்தால் அது தானாகவே அங்கே போய்ச் சேரும். சேர்ந்ததா என்பதைத் தாக்கல் செய்யுமுன் படிவத்தைத் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா நியூயோர்க் நகர வதிவாளர் என்பதையும் மறக்கக்கூடாது. நகர வரியும் மாநிலத்தின் வரிக்குரிய வருமானத்தை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்படுகிறது. 20ஆம் வரியில் சேர்ந்த ஒவ்வொரு டொலருக்கும் இரண்டு வரி உண்டு. தனி நபராகத் தாக்கல் செய்பவரின் வரிக்குரிய வருமானம் 50,000 டொலருக்கு மேலும் 80,650 டொலருக்கு உட்பட்டும் இருந்தால், 2024ஆம் ஆண்டுக்கு மாநில வீதம் 5.5, நகர வீதம் 3.876. அப்படியானால் 2,550 டொலருக்கு மாநிலத்துக்கு ஏறத்தாழ 140 டொலரும் நகரத்துக்கு 99 டொலரும் வரும்.

இனி அந்த 1,900 டொலர். சமஷ்டி அரசின் கடன்பத்திரங்களுக்கும் அவற்றின் வட்டிக்கும் மாநிலங்கள் வருமான வரி விதிக்கக்கூடாது என்பது ஐக்கிய அமெரிக்கச் சட்டக்கோவை 31ஆம் தலைப்பின் 3124ஆம் பிரிவு. அதாவது முறி நிதியத்தின் நிலைமைக்கு நேர்மாறு: சமஷ்டி வரி உண்டு, மாநில வரி இல்லை. 1040 படிவத்தின் 3பி வரியில் அது முழுமையாக வரும். ஐடி-201இன் 28ஆம் வரியில் அதற்குரிய பகுதியைக் கழிக்கலாம். இதை நிதியம் வழியாகப் பெறுவதற்கு நியூயோர்க் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் நிதியச் சொத்தில் 50 வீதத்துக்குக் குறையாதது சமஷ்டிக் கடன்பத்திரங்களாக இருந்திருக்க வேண்டும். நிதிய நிறுவனத்தின் அட்டவணையிலேயே, கலிபோர்னியா, கனெக்ரிகட், நியூயோர்க் ஆகியவற்றின் நிபந்தனையை இந்த நிதியம் பூர்த்திசெய்கிறதா என்ற அடிக்குறிப்பு பெரும்பாலும் இருக்கும்.

பெயரில் திறைசேரி என்று இருப்பதால் 100 வீதமும் கழிக்கலாம் என்று கொள்ளவேண்டாம். பணச் சந்தை நிதியங்கள் திறைசேரிப் பத்திரங்களை ஈடாகப் பெற்று வங்கிகளுக்கு ஓரிரவு கடன் கொடுக்கும் மீள்கொள்வனவு ஒப்பந்தங்களும் செய்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் வருமானம் திறைசேரி தந்த வட்டி அன்று, கடன் பெற்ற வங்கி தந்த வட்டி என்பதால் மாநிலம் அதற்கு வரி விதிக்கலாம் என 1994இல் நெப்ராஸ்கா வழக்கொன்றில் அதே அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. பெயரில் அரசு என்று உள்ள வேறு சில நிதியங்களில் ஃபெனி மே, ஜினி மே ஆகிய வீட்டுக்கடன் சார்ந்த நிறுவனங்களின் பத்திரங்களின் வட்டியும் கலந்திருக்கும். அதற்கும் விலக்கு இல்லை. ஆகவே இதற்கும் அட்டவணையில் உள்ள வீதமே முடிவானது.

மறுமொழி: சுன்னாகம் வாசகர்

மானிப்பாய்க் கணக்கரின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் அக்கா நாடளாவிய நிதியத்தை விற்றுவிட்டு முழுவதையும் நியூயோர்க் நிதியத்தில் இட்டால் 20ஆம் வரிக்கே வேலை இராதே?

மறுமொழி: இணுவில் வந்தவர்

வரியை மட்டும் பார்த்து அப்படிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் விற்கும்போது இலாபம் வந்தால் அதற்குச் சமஷ்டி வரியும் உண்டு, மாநில வரியும் உண்டு. வட்டிக்குத்தான் விலக்கே தவிர, மூலதன இலாபத்துக்கு இல்லை. நிதியமே முறிகளை விற்று இலாபத்தைப் பகிர்ந்தால் அது 1099-டிவ்வின் பெட்டி 2ஏயில் வரும், அதுவும் வரிக்குரியது. மேலும் ஒரே மாநிலத்தின் சபைகளிடம் முழுச் சேமிப்பையும் கடனாகக் கொடுத்து வைப்பதில் வேறொரு ஆபத்து உள்ளது. டெட்ரோயிட் மாநகரம் 2013இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. புவேர்ட்டோ ரிக்கோ அதன்பின் கடன் செலுத்த முடியாமல் நின்றது. இருநூறு, முந்நூறு டொலர் வரியைத் தவிர்ப்பதற்காக இந்த முடிவை எடுக்க வேண்டுமா என்பதை அக்காதான் ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

ஐயா, வரியே இல்லாத வருமானத்தை ஏன் எழுதச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அக்கா ஓய்வூதிய வயதினர் என்றால் இது அவரைத் தொடும். சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவில் (அரசு தரும் ஓய்வூதியத்தில்) எவ்வளவு பகுதி சமஷ்டி வரிக்கு உட்படும் என்பதைக் கணிக்கும்போது, ஏனைய வருமானத்துடன் 2ஏ வரியின் தொகையையும் கொடுப்பனவின் பாதியையும் கூட்டிப் பார்க்கிறார்கள். தனி நபருக்கு அந்தக் கூட்டுத்தொகை 25,000 டொலரைத் தாண்டினால் ஒரு பகுதியும், 34,000 டொலரைத் தாண்டினால் அதிகபட்சம் 85 வீதமும் வரிக்குள் வரும். இந்த எல்லைகள் 1980களிலும் 1993இலும் சட்டமாக்கப்பட்டவை. விலைவாசி எவ்வளவு ஏறியும் அவை நகரவில்லை. மெடிகெயார் மருத்துவக் காப்புறுதியின் மாதக் கட்டணம் வருமானத்துக்கு ஏற்பக் கூடும்போதும் இத்தொகை கணக்கில் சேர்க்கப்படுகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய விபரத்திரட்டைப் பார்ப்பார்கள். வரிவிலக்கு என்று சொல்லிவிட்டு மறுகையால் எண்ணிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு அங்கிருந்த காலம் முழுவதும் பிடிக்கவில்லை. எனினும் நடைமுறை அதுவே. நியூயோர்க்கைப் பொறுத்தவரை ஒரு நிம்மதி உண்டு: அந்த மாநிலம் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவுக்கு வரி விதிப்பதில்லை, சமஷ்டி வரிக்குள் வந்த பகுதியை ஐடி-201இன் 27ஆம் வரியில் கழித்துவிடும்.

அத்துடன் பெட்டி 13ஐயும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி 12க்குள் அடங்கும் தனியார் செயற்பாட்டு முறிகளின் (தனியார் பயன்பாட்டுத் திட்டங்களுக்காகச் சபைகள் வெளியிடும் முறிகளின்) பங்கை அது காட்டும். மாற்றுக் குறைந்தபட்ச வரி என்ற தனியான கணக்குக்கு அது தேவை. பெரும்பாலானோருக்கு அதனால் வரி வராது. ஆனால் தொகை இருந்தால் மென்பொருளில் பதிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கோண்டாவிலான்

பணச் சந்தை நிதியத்தின் அட்டவணையும் கிடைத்தது. சமஷ்டிக் கடன்பத்திரங்களின் பங்கு 72 வீதம் என்றும், நியூயோர்க்கின் நிபந்தனை பூர்த்தியாகியுள்ளது என்றும் அடிக்குறிப்பில் உள்ளது. 1,900 டொலரில் 1,368 டொலரை 28ஆம் வரியில் கழிக்கலாம் என்று கொள்கிறேன். 20ஆம் வரியில் 2,550 கூடி, 28ஆம் வரியில் 1,368 குறைய, தேறுவது 1,182. மானிப்பாய்க் கணக்கர் சொன்ன இரு வீதங்களையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் வரி 111 டொலருக்குள் நிற்கிறது. பெட்டி 13இல் எதுவும் இல்லை.

அத்தானின் கோப்பில் இருந்த 2022ஆம் ஆண்டு ஐடி-201 பிரதியையும் அக்கா தேடி எடுத்தார். அதிலும் 20ஆம், 28ஆம் வரிகளில் தொகைகள் எழுதப்பட்டுள்ளன; ஓரத்தில் வீதக் கணக்கு பென்சிலால் போடப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் இந்த முறையையே பின்பற்றியிருக்கிறார். 2023ஆம் ஆண்டுக்குரிய விபரத்திரட்டை அங்குள்ள முகவர் ஒருவர் செய்து கொடுத்தார். அதில் இரண்டு வரிகளும் வெறுமையாக உள்ளன. அதைத் திருத்த வேண்டுமா? அட்டவணைகளை விபரத்திரட்டுடன் இணைத்து அனுப்ப வேண்டுமா?

மறுமொழி: மானிப்பாய்க் கணக்கர்

கணக்கு சரியாக உள்ளது. படிவத்தில் சதங்களை விட்டு முழு டொலரில் எழுதினால் போதும்.

2023ஆம் ஆண்டுக்கும் அவ்வாண்டின் அட்டவணைகளை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்; வீதங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், 2024இன் வீதங்களை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. வரி கூடினாலும் குறைந்தாலும் திருத்துவதற்கான படிவம் ஐடி-201-எக்ஸ். கட்ட வேண்டியிருந்தால் மாநிலம் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பும்வரை காத்திராமல் தாமாகவே திருத்திக் கட்டுவது நல்லது, ஏனென்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 1040 படிவத்தின் 2ஏ வரியும் ஐடி-201இன் 20ஆம் வரியும் ஒத்துப்போகாததை ஒப்பிட்டுப் பார்ப்பது கணினிக்குப் பெரிய வேலை அன்று. திரும்பக் கிடைக்க வேண்டியிருந்தால், பொதுவாக விபரத்திரட்டுத் தாக்கல் செய்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். 2023ஆம் ஆண்டின் சமஷ்டி விபரத்திரட்டில் அவ்வாண்டுக்குரிய பெட்டி 12 தொகை 2ஏ வரியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அங்கே திருத்த ஒன்றுமில்லை.

அட்டவணைகளை இணைக்கத் தேவையில்லை. விபரப் பக்கங்களுடன் ஒரே கோப்பில் வைத்திருங்கள். நிதிய நிறுவனங்கள் பழைய ஆண்டுகளின் அட்டவணைகளை இணையத்தளத்தில் என்றென்றும் வைத்திருப்பதில்லை என்பதால், 2023க்குரியதை அக்கா இந்த வாரமே இறக்கி அச்செடுத்து வைத்தால் நல்லது.